மலை விழுந்து உண்டான ஏரி

சுவிற்சர்லாந்து என்றதும் ஊரில் உள்ள எமது உறவுகளுக்கு நினைவில் வருபவை பனிமலையும் ஏரியும்தான். நாட்காட்டிப் படங்களில் இந்த நாட்டைப் பார்த்தவர்கள் அவர்கள். "நல்ல வடிவான நாடாம், எல்லா இடமும் சுற்றிப் பார்த்திட்டீங்களோ?" என்று தொலைபேசியில் கேட்பார்கள். இங்கு வந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன எம்மவர் குடும்பங்கள் பார்த்திருப்பவை வேறு. அகதி முகாம், குடிவரவு அலுவலகம், டொச்சு வகுப்பு, வேலை செய்யும் சமையலறை, தமிழ்க் கடை, கோவில் என்று அந்தப் பட்டியல் முடிந்துவிடும். மலைக் கிராமங்களின் ஹொட்டேல்களில் ஆண்டுக் கணக்காகப் பாத்திரம் கழுவியும், அந்தக் கிராமத்தின் மலைப்பாதையில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியும் திரும்பி வரும் வழியும் மட்டுமே அவர்களுக்குத் தெரியும்.

எமது பிள்ளைகளின் நிலை அப்படி இல்லை. பாடசாலை அவர்களை மலைக்கும் ஏரிக்கும் கூட்டிச் செல்கிறது. முதுகுப்பையில் பாணும் தண்ணீரும் வைத்து நாம் அனுப்புகிறோம். மாலையில் வந்து அவர்கள் சொல்லும் இடப்பெயர்கள் எமக்கு விளங்குவதில்லை. "வடிவா இருந்ததோ?" என்று கேட்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. மொழியில் பிள்ளைகள் எம்மை முந்திவிட்டார்கள். இந்த மண்ணை அறிவதிலும் முந்திவிட்டால், ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரண்டு நாடுகளில் வாழ்பவர்களாகிவிடுவோம்.

இதைப் பற்றிப் பேசிப் பேசியே இருந்த நாங்கள் நான்கு குடும்பங்கள், கடந்த கோடையில் ஒரு சனிக்கிழமை ஓஷினென் ஏரிக்குப் போய் வந்தோம். பேர்ண் மாநிலத்தின் தென்புறத்தில், கண்டர்ஸ்ரெக் என்ற கிராமத்துக்கு மேலே உள்ள மலை ஏரி அது. பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் ஏழு பேர். எங்களில் ஒருவர்கூட முன்னர் மலை ஏரி ஒன்றைப் பார்த்ததில்லை. அங்கே கண்டவற்றையும், போவதற்கு முன்னும் பின்னும் அறிந்துகொண்டவற்றையும் புதிதாக வந்து குடியமர்ந்துள்ள குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

எங்களையும் விடுவார்களா?

புறப்படுவதற்கு முன் எங்களோடு வர விரும்பிய ஒரு தம்பி தயங்கினார். "எனக்கு இன்னும் ‘என்’ விசாதானே அண்ணை. அங்கை மறிச்சுக் கேட்டால்?" என்றார். இது அவருக்கு மட்டும் உள்ள தயக்கம் அல்ல. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டை காட்டிக் காட்டி வளர்ந்தவர்கள் நாம். அழகான ஓர் இடத்தைக் கண்டால், அது வேறு யாருக்கோ உரியது என்றே முதலில் நினைக்கத் தோன்றும்.

ஆனால் இந்த நாட்டின் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. 1907இல் நிறைவேற்றப்பட்டு 1912இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் குடியியல் சட்டத் தொகுப்பின் 699ஆம் பிரிவு, காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடந்து திரிவதற்கும், தானாக விளையும் பழங்களையும் காளான்களையும் உள்ளூர் வழமைக்கு உட்பட்டு எடுப்பதற்கும் உள்ள உரிமையைச் சொல்கிறது. யாருக்கு என்ற இடத்தில் அச்சட்டத்தின் டொச்சுப் பிரதியில் இருக்கும் சொல் ‘யேடர்மன்’. எவருக்கும் என்பது அதன் பொருள். குடிமகன் என்றோ நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர் என்றோ அங்கு எழுதப்படவில்லை. காடும் மேய்ச்சல் நிலமும் தனியார் ஒருவரின் சொத்தாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. இயற்கைப் பாதுகாப்புக்காக மூடப்பட்ட இடங்களும், பழமும் காளானும் எடுப்பதற்கு அளவு குறித்த இடங்களும் இருக்கின்றன. அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடந்தால் போதும்.

நாட்டுக்குள் பயணம் செய்வதற்கும், அதிகாரிகள் ஒருவருக்கு எழுத்தில் தடை விதித்திருந்தாலன்றி, ‘என்’ விசா ஒரு தடை அல்ல. அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தம்பியும் எங்களோடு வந்தார்.

எல்லை கடக்க முடியாதவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பேர்ணில் இருந்து கண்டர்ஸ்ரெக் ஊடாகச் செல்லும் புகையிரதங்களில் சில, பிரிக் நகரையும் தாண்டி இத்தாலியின் டோமோடொசோலா வரை ஓடுகின்றன. களைப்பில் உறங்கிவிட்டால் விழிப்பது வேறு நாட்டில். ‘என்’, ‘எஃப்’ விசாக்காரர்களுக்கு அது வீண் சிக்கல். கண்டர்ஸ்ரெக்கில் இறங்குவதில் கவனமாக இருங்கள்.

மலைக்கு ஏறும் புகையிரதம்

பேர்ணில் இருந்து கண்டர்ஸ்ரெக் செல்ல ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். தூண் ஏரியின் கரையோரமாக ஓடி, ஸ்பீட்ஸ் நிலையத்தைத் தாண்டி, புருட்டிகன் என்ற ஊரில் இருந்து புகையிரதம் மலையில் ஏறத் தொடங்குகிறது. 2007இல் திறக்கப்பட்ட, 34 கிலோமீற்றருக்கும் நீளமான அடிவாரச் சுரங்கத்தின் வழியாகப் போகும் விரைவு வண்டிகள் கண்டர்ஸ்ரெக்கைத் தொடுவதில்லை. 1913ஆம் ஆண்டுப் பழைய மலைப்பாதையில் ஓடும் வண்டியிலேயே ஏற வேண்டும். வளைந்து வளைந்து, ஒரே பள்ளத்தாக்கை மீண்டும் மீண்டும் வெவ்வேறு உயரத்தில் இருந்து காட்டியபடி அது ஏறும்போது, பிள்ளைகள் ஒரு யன்னலில் இருந்து மறு யன்னலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாதையில் மிற்ஹோல்ஸ் என்ற சிற்றூர் வருகிறது. யன்னலால் பார்த்தால் புல்வெளியும் மரவீடுகளும்தான். அதன் அருகே மலைக்குள் இருந்த இராணுவ வெடிபொருட் கிடங்கு 1947 டிசம்பரில் வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். இடிந்த பாறைக்குள் ஆயிரக்கணக்கான தொன் வெடிபொருட்கள் இன்னமும் கிடக்கின்றன. அவற்றை அகற்றுவதற்காக 2030 அளவில் ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் வேறிடத்தில் இருக்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டுள்ளது. இதைக் கேட்டதும் எங்களில் வன்னியில் இருந்து வந்த ஒருவர், "இஞ்சையும் அப்படியோ?" என்று மட்டும் கேட்டார். கண்ணிவெடி அகற்றி முடியும்வரை தன் காணிக்குத் திரும்ப முடியாமல் காத்திருந்தவர் அவர். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. அந்த ஊர் மறையும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பார்வை

கண்டர்ஸ்ரெக் கிராமம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏரி 1,578 மீற்றரில். கிராமத்தில் இருந்து கம்பியில் தொங்கிச் செல்லும் ஊர்தியில் மேலே போகலாம். கால் பலம் உள்ளவர்கள் ஒன்றரை மணி நேரமளவில் நடந்தும் ஏறலாம். பிள்ளைகளும் ஆச்சியும் இருந்ததால் நாங்கள் ஊர்தியில் போனோம். மேல் நிலையத்தில் இருந்து ஏரிக்கரைக்கு அரைமணி நேர நடை.

நடைபாதையில் எங்களை வியக்க வைத்த விடயம் ஒன்று. எதிரே வந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். நகரத்தில் பேருந்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கூட முகம் பார்ப்பதில்லை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் "குறூயெசெக்" என்று சொல்லிக் கடந்து போனார்கள். மலைப்பாதையில் ஒருவரை ஒருவர் வாழ்த்துவது இந்த நாட்டு வழக்கம். முதலில் எங்கள் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஆச்சியும் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சொன்ன விதத்தைக் கேட்டு ஒரு சுவிஸ் மூதாட்டி நின்று, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மரங்கள் விலகி ஏரி தெரிந்தபோது எல்லோரும் நின்றுவிட்டோம். மூன்று புறமும் செங்குத்தான பாறை. அதற்கு மேலே 3,600 மீற்றரைத் தாண்டிய புளூம்லிஸ்அல்ப், டொல்டென்ஹோர்ன் ஆகிய சிகரங்கள், கோடையிலும் வெள்ளையாக. பாறைகளில் இருந்து நூல் நூலாக அருவிகள். கீழே நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். பெரிய ஏரி அல்ல. பரப்பு ஏறக்குறைய 1.1 சதுர கிலோமீற்றர், ஆழம் கூடிய இடத்தில் 56 மீற்றர். ஆனால் அதைச் சூழ்ந்து நிற்கும் மலைகளின் உயரத்தால், அதன் முன் நிற்பவர் தம்மைச் சிறியவராக உணர்வார். புளூம்லிஸ்அல்ப் பகுதி உள்ளிட்ட இந்த வட்டாரம் 2007 முதல் யுனெஸ்கோவின் உலக இயற்கை மரபுரிமைப் பரப்பில் சேர்ந்துள்ளது.

தண்ணீரின் நிறத்துக்கான காரணத்தை எங்களுடைய மகள்களில் ஒருத்தி சொன்னாள். அவள் ஏழாம் வகுப்பு. மேலே உள்ள பனியாறுகள் நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைக்கின்றன. அந்தக் கல்மா உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் நீரில் மிதக்கிறது. வெயில் அதில் பட்டுச் சிதறும்போது இந்த நிறம் தெரிகிறது. டொச்சில் படித்ததை அவள் தமிழில் சொல்லத் திணறினாள். ‘கல்லை அரைச்ச மா’ என்று கடைசியில் அவள் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது. அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

மலையகத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு செய்தி. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதாவது இந்த ஏரியைவிட உயரத்தில். ஆனால் நுவரெலியாவின் ஏரி உறைவதில்லை. இது குளிர்காலத்தில் மாதக் கணக்கில் உறைந்து கிடக்கிறது. பூமத்திய ரேகையில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதும் உயரத்தோடு சேர்ந்தே குளிரைத் தீர்மானிக்கிறது.

ஆச்சி கேட்ட கேள்வி

கட்டிக்கொண்டு போன புட்டும் கட்டாச்சம்பலும் கரையில் இருந்து சாப்பிட்டோம். ஆச்சி சாப்பிட்டுக்கொண்டே ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த குடும்பத்தவர் அவர். "இவ்வளவு அருவியும் உள்ளுக்கு வந்து விழுகுது. வான் பாயிற இடத்தைக் காணேல்லை. துருசையும் காணேல்லை. உந்தத் தண்ணியெல்லாம் எங்கையடா போகுது?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. ஊர்தி நிலையத்துக்கு அருகே இருந்த விளக்கப் பலகையைப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னார்கள். பின்னர் வீட்டுக்கு வந்தும் தேடிப் படித்தோம்.

இந்த ஏரிக்கு வெளியே தெரியும் வாய்க்கால் இல்லை. காரணம், இதன் அணைக்கட்டு மனிதர் கட்டியது அல்ல. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் டொல்டென்ஹோர்ன் மலைப்பக்கத்தில் இருந்து பெரும் பாறைத்தொகுதி ஒன்று பெயர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்தது என்று புவியியல் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். விழுந்த கல்லும் மண்ணும் பள்ளத்தாக்கைக் குறுக்கே மறித்தன. பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியானது. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேடும், நிழல் தந்த மரங்கள் நிற்கும் நிலமும் அன்று விழுந்த மலையின் துண்டுகளே.

கல்லால் ஆன அந்த அணையின் இடுக்குகளின் ஊடாக ஏரித் தண்ணீர் நிலத்தின் கீழே கசிந்து இறங்குகிறது. கீழே ஊற்றுகளாக வெளிவருகிறது. கண்டர்ஸ்ரெக் மக்கள் குடிக்கும் தண்ணீரும், அங்கு எடுக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதியும் இதில் இருந்து கிடைப்பவை. கோடையில் பனி உருகி வரும்போது ஏரியின் மட்டம் உயர்கிறது. குளிர்காலத்தில் வரத்து நின்றும் கசிவு நிற்காததால் பல மீற்றர் இறங்குகிறது.

இதை ஆச்சிக்குச் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "கீரிமலைக் கேணி மாதிரி எண்டு சொல்லு" என்றார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கடற்கரையில் கீரிமலையில் நன்னீராக வெளிவருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் நடக்கும் என்பதை அறிய எம்மவருக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை.

அன்றைய பயணத்தில் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லித் தந்தவை பல. ஆச்சியின் கேள்வியோ அவர்களுடைய பாடத்தில் இல்லாத ஒன்று. வயல் செய்த அனுபவம் இந்த மலைக்கும் பொருந்தும் என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். வீட்டில் எவ்வளவு சொன்னாலும் ஏறாத விடயம் அது.

தண்ணீர் அழகானது, குளிரானது

இனி எழுதுவது பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி.

எங்களோடு வந்த இளைஞர்களில் ஒருவர் வடமராட்சிக் கடலில் நீந்தி வளர்ந்தவர். நடந்து வந்த வேர்வையோடு சட்டையைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் ஓடினார். நெஞ்சளவு தண்ணீரில் பாய்ந்தவர் நாலைந்து வீச்சுக்குமேல் போகவில்லை. திரும்பிக் கரையைப் பிடித்தார். கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நெஞ்சை ஆரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி. மூச்சு எடுக்கேலாமல் போச்சுது" என்றார். பக்கத்தில் இருந்த சுவிஸ்காரர் ஒருவர் போர்வை கொடுத்தார்.

எமது கடலின் வெப்பம் ஆண்டு முழுவதும் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பனி உருகி வரும் மலை ஏரி கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். சூடேறிய உடல் திடீரென்று குளிர்நீரில், குறிப்பாக 15 பாகைக்குக் குறைந்த நீரில், விழும்போது தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறது. மூச்சு கட்டுப்பாடில்லாமல் வேகமாகிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது. அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீர் உள்ளே போய்விடும். சில நிமிடங்களில் கையும் காலும் விறைத்து வலு இழக்கின்றன. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படித்தான் மூழ்குகிறார்கள். இந்த நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் புதிதாக வந்த அகதி இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். கடலைத் தாண்டி உயிர் தப்பி வந்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குளிப்பில் போய்விடக் கூடாது.

1933இல் தொடங்கப்பட்ட சுவிஸ் உயிர்காப்புச் சங்கம் குளிப்பவர்களுக்கு ஆறு விதிகளை வகுத்து, குளிக்கும் இடங்களில் பலகைகளாக வைத்திருக்கிறது. அவற்றின் சாரம் இது:

தண்ணீருக்கு அருகே சிறு பிள்ளைகளை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். மது அருந்திவிட்டு நீரில் இறங்காதீர்கள். உடல் சூடாக இருக்கும்போது பாயாதீர்கள். முதலில் நனைத்துப் பழக்கி இறங்குங்கள். கலங்கிய அல்லது தெரியாத நீரில் குதிக்காதீர்கள். காற்றடைத்த மெத்தைகளையும் மிதவைகளையும் நம்பி ஆழத்துக்குப் போகாதீர்கள். நீண்ட தூரம் தனியாக நீந்தாதீர்கள்.

இவற்றோடு நாங்கள் ஒன்றைச் சேர்க்கிறோம். பாடசாலை நீச்சல் வகுப்புக்கு ஆண், பெண் பிள்ளைகள் இருவரையும் அனுப்புங்கள். உருண்டு ஆழமான நீரில் விழுதல், ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதந்து நிற்றல், பின் 50 மீற்றர் நீந்துதல் ஆகிய மூன்றும் அடங்கிய நீர்ப் பாதுகாப்புச் சோதனை ஒன்று இங்குண்டு. உங்கள் பிள்ளை அதைச் செய்து முடித்திருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பல நகரங்களில் பெரியவர்களுக்கும் நீச்சல் வகுப்புகள் நடக்கின்றன. எங்களோடு வந்த தாய்மார் இருவர் இப்போது ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள், பனிக்கட்டி தடிப்பாகத் தெரிகிறது என்று நினைத்து ஏரியின்மேல் இறங்கக் கூடாது. பாதை திறக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பு இருந்தால் மட்டுமே இறங்கலாம்.

மலை இன்னும் அசைகிறது

ஏரிக்குத் தென்புறமாக உயரத்தில் ‘ஸ்பிட்சே ஸ்ரை’ என்ற பாறைமுகடு நிற்கிறது. கூர்மையான கல் என்று பொருள். ஒன்றரைக் கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட பாறை அங்கே நிலைகுலைந்து அசைந்துகொண்டிருப்பது தெரியவந்து, 2018 முதல் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். மலைக்குள் உறைந்து பாறைகளைப் பிடித்து வைத்திருந்த நிரந்தரப் பனி, காலநிலை வெப்பமடைவதால் இளகுவது காரணங்களில் ஒன்று. அதனால் ஏரியைச் சூழ்ந்த சில பாதைகள் மூடப்பட்டுள்ளன. மூடிய பாதையில் ஒருவர் போவதைக் கண்டு நாமும் பின்னால் போகக் கூடாது.

இது வெறும் எச்சரிக்கை அல்ல என்பதை 2025இல் நாடே பார்த்தது. கண்டர்ஸ்ரெக்கில் நுழையும் பழைய சுரங்கப்பாதை மலையின் மறுபுறம் வெளிவருவது லோட்ஷென் பள்ளத்தாக்கில். அங்கே பிளாற்றன் என்ற கிராமத்தின்மீது 2025 மே 28ஆம் திகதி பனியாறும் பாறையும் சேர்ந்து சரிந்து விழுந்தன. ஊரின் பெரும்பகுதி புதைந்தது. மறிக்கப்பட்ட ஆறு தேங்கி, எஞ்சிய வீடுகளையும் மூழ்கடித்தது. மலையின் அசைவை முன்னரே அளந்து, ஏறக்குறைய 300 ஊரவரையும் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றியிருந்ததால் பேரிழப்புத் தவிர்க்கப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார்.

கையில் எடுத்ததோடு வீட்டை விட்டு வந்த அந்த மக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. இந்த நாட்டவருக்கு இடப்பெயர்வு என்றால் என்னவென்று தெரியாது என்று நாம் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். வேலையிடத்தில் யாராவது பிளாற்றன் பற்றிப் பேசினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

போக விரும்புவோருக்கு

ரிக்கற் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. அரைக்கட்டண அட்டை, பெற்றோரோடு பயணம் செய்யும் பிள்ளைகளுக்கான ஆண்டு அட்டை, ஊராட்சி அலுவலகங்களில் கிடைக்கும் மலிவு நாள் ரிக்கற் ஆகியவை பற்றி நிலையத்திலும் உங்கள் ஊராட்சி அலுவலகத்திலும் கேளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவர்களோடு புகையிரதத்தில் இலவசமாகப் போகலாம். கோடை விடுமுறையில் சனம் அதிகம். ஊர்திக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்வதும், காலையில் நேரத்தோடு போவதும் நல்லது.

மலைப்பாதைக் கம்பங்களில் எழுதியிருப்பது தூரம் அல்ல, நடக்கும் நேரம். பிள்ளைகளோடு போனால் அதைவிடக் கூடுதலாகக் கணக்கிடுங்கள். மஞ்சள் அடையாளம் மட்டும் உள்ள பாதை எல்லோருக்கும் உரியது. வெள்ளை–சிவப்பு–வெள்ளைக் கோடு இட்டது மலைநடை பழகியவர்களுக்கு. வெள்ளை–நீலம்–வெள்ளை ஏறுபயிற்சி உள்ளவர்களுக்கு, அதை விட்டுவிடுங்கள். செருப்போடு போகாதீர்கள், அடி பிடிக்கும் சப்பாத்துத் தேவை. கீழே வெயில் எறித்தாலும் ஆளுக்கொரு குளிர்ச்சட்டையும் மழைச்சட்டையும் வேண்டும். உயரத்தில் வெயிலின் கதிர் கடுமை, தொப்பி வையுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் கழுத்துமணி கட்டிய மாடுகள் நிற்கும். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டப் போகவோ தொடவோ வேண்டாம். எமது மாடுகளைப் போல இவை ஆட்களோடு பழகியவை அல்ல. கரையில் அமைக்கப்பட்ட அடுப்புகளில் இறைச்சி சுடலாம். வறட்சிக் காலத்தில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு தமிழ்க் குடும்பம் இருந்து எழும்பிய இடம் துப்புரவாக இருந்தால், அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்துக்கு அது மரியாதை.

அவசரத்துக்கு 144 நோயாளர் வண்டி, 117 பொலிஸ், 1414 உலங்குவானூர்தி மீட்புச் சேவை. மொழி வராது என்று தயங்க வேண்டாம். எங்கே நிற்கிறீர்கள் என்று இடத்தின் பெயரைச் சொன்னால் உதவி வரும். அதற்காகவே வழியில் உள்ள பலகைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம்.

ஓஷினென்தான் என்றில்லை. நீங்கள் வாழும் மாநிலத்திலும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் போகக்கூடிய மலையும் ஏரியும் இருக்கும். எங்கே போவது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வழியை அவர்கள் காட்டட்டும். வீட்டில் ஆச்சியோ அப்புவோ இருந்தால் அவர்களையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.